அது உங்க முட்டிங்க சார்

மேல்பலாப்பாடி,
கல்வராயன் மலை.
ஐப்பசி 19, புதன்கிழமை.

அன்புள்ள தம்பி பூமாலைக்கும் தங்கை சின்னப்பொண்ணுக்கும், தொடக்கப்பள்ளி வாத்தியார் வீரமணி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் தொப்பையும் நலம். அங்கே குடகில் நீங்கள் இருவரும் சின்னவனும் அட்டைக்கடி இல்லாமல் நலமாக இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தைச் சின்னப்பொண்ணு வாய்விட்டுப் படிக்கட்டும். பூமாலை கையில் கொடுத்தால் கோபம் வருகிற வரியை மட்டும் பொறுக்கிப் படிப்பார். அப்படிப்பட்ட வரிகள் இதில் நிறைய உண்டு. எல்லாம் என் மேல் விழவேண்டியவை. வரிசையாக வந்தால்தான் சரியாக விழும்.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து மகள் எழில்மதியைக் குடகுக்கே கூட்டிக்கொண்டு போகப் போவதாக உங்கள் அக்கா பெரியம்மாள் வந்து சொன்னார். டி.சி.யை எழுதி வைக்கச் சொன்னீர்களாம். புத்தகம் மேசை மேல்தான் இருக்கிறது. பேனாவில் மையும் இருக்கிறது. எனக்குத்தான் கை வரவில்லை. ஓடையில் நடந்ததாக நீங்கள் கேள்விப்பட்டது பொய். அந்தப் பொய்யின் அடியில் கையெழுத்துப் போட்டவன் நான். அதைச் சொல்லிவிட்டுத்தான் டி.சி.யைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை வரும்.

போனில் சொல்லக் கூடாதா என்பீர்கள். சொல்லத்தான் தண்ணீர் டேங்க் ஏணியில் இரண்டு முறை ஏறினேன். நம் ஊரில் சிக்னல் அந்த ஏணியின் மூன்றாவது படியில்தான் குடியிருக்கிறது. நான்காவது படிக்கு என் எடையை ஏணி அனுமதிக்காது. “சொல்லுங்க சார்” என்று பூமாலை சொன்னதும், அங்கே மழையா என்று கேட்டேன். மழைதான் என்றார். இங்கேயும் மழைதான் என்று சொல்லி வைத்துவிட்டேன். இரண்டாவது முறை மிளகு எப்படிக் காய்த்திருக்கிறது என்று விசாரித்தேன். மிளகைப் பற்றி எனக்கென்ன அக்கறை, ரசத்தில் மிதந்தால் ஒதுக்கி வைக்கிறவன் நான். கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்த நிர்மலா டீச்சர், “நீங்க வாத்தியார் வேலைக்கு வந்திருக்கவே கூடாது சார், ரேடியோவுல வானிலை வாசிக்கப் போயிருக்கணும்” என்றார். அதனால்தான் காகிதம். நாளைக்கு வேடியப்பன் மேஸ்திரி அடுத்த செட் ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு உங்கள் எஸ்டேட்டுக்கு வருகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். வழியில் பிரித்துப் படிக்க மாட்டார். நல்லவர் என்பதால் இல்லை, போன வாரச் சந்தையில் கண்ணாடியைத் தொலைத்துவிட்டார். மீசைக்கு மை அடிக்க மட்டும் கண்ணாடி தேவைப்படவில்லை போலிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வராமல் சுற்றுகிறேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஆவணியில் மூன்றாம் வகுப்புக்கு அளவைப் பாடம் எடுத்தேன். நம் பள்ளியில் ஒரு வகுப்புக்கு எடுத்தால் ஐந்து வகுப்புக்கும் எடுத்த மாதிரி. ஒரே கூடம், இருபத்திரண்டு பிள்ளைகள், ஒன்றாம் வகுப்பு வாயைத் திறந்தபடி கேட்கும். கரும்பலகையை என் சாணால் அளந்தேன். பத்தரைச் சாண் வந்தது. எழில்மதியை அளக்கச் சொன்னேன். பதினைந்து வந்தது. “அப்போ பலகை நீளம் இன்னா சார்? உங்க சாணா, என் சாணா?” என்று கேட்டாள். அஞ்சாம் வகுப்பு சுபாஷ், “சார்தான் பெரியவரு, சார் சாண்தான் கணக்கு” என்று எனக்கு ஆதரவாக எழுந்தான். உங்கள் மகள் திரும்பிப் பார்க்காமலேயே, “அப்போ சார் லீவு போட்டா பலகைக்கு நீளமே இல்லியா?” என்றாள். கூடமே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் தட்டைத் தேடவில்லை. கடைசியில் ஸ்கேலை எடுத்து, யார் வைத்தாலும் மாறாத அளவு ஒன்று வேண்டும் என்று பிள்ளைகளே முடிவுக்கு வந்தார்கள். அவள் நோட்டில் மூன்று நட்சத்திரம் போட்டேன். அந்த மாதச் சம்பளத்துக்கு நான் செய்த உருப்படியான வேலை அந்த நட்சத்திரம்தான்.

இவ்வளவும் சொல்லிக்கொடுத்த ஆள், புரட்டாசிக் கடைசியில் பெயின்ட் டப்பாவோடு ஓடைக்குப் போனேன்.

உங்கள் கோட்டுக்காட்டிலிருந்து ஏழு பிள்ளைகள் ஓடையைத் தாண்டித்தான் வருகிறார்கள். மழைக்காலம் வருகிறதே, எப்போது தாண்டலாம், எப்போது தாண்டக் கூடாது என்று வகுப்பில் பேச வைத்தேன். தண்ணீர் கலங்கி வந்தால் மேலே மலையில் மழை என்று அர்த்தம், இறங்கவே கூடாது என்றான் சுபாஷ். ஒரு இலையைப் போட்டுப் பார்க்க வேண்டும், அது நம் ஓட்டத்தை விட வேகமாகப் போனால் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்றாள் எழில்மதி. எல்லாவற்றையும் பலகையில் எழுதினேன். எல்லோருக்கும் கைதட்டச் சொன்னேன். அப்புறம் அத்தனையையும் அழித்துவிட்டு, ஏற்கெனவே நான் மனதில் வைத்திருந்ததையே செய்தேன். வாத்தியார்கள் நடத்தும் கலந்துரையாடல் பெரும்பாலும் இப்படித்தான். வெளியே சொல்லாதீர்கள்.

தாண்டுகிற துறையில் ஒரு யானைக்குட்டி அளவு பாறை இருக்கிறதே, அதன் பக்கத்தில் தண்ணீரில் இறங்கி நின்று, என் முழங்காலுக்கு நேராகச் சிவப்புக் கோடு இழுத்தேன். தண்ணீர் கோட்டைத் தொட்டால் யாரும் இறங்கக் கூடாது. கோட்டுக்குக் கீழே இருந்தால் கைகோத்துக்கொண்டு வரலாம். இதுதான் சட்டம் என்றேன். எழில்மதி என் பக்கத்தில் வந்து நின்றாள். கோட்டைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள். “சார், அது உங்க முட்டிங்க சார். என் முட்டி இங்க இருக்குது” என்று குனிந்து தொட்டுக் காட்டினாள். கோடு அவள் தொடையில் இருந்தது.

அந்த இடத்தில் நான் ஸ்கேலை நினைத்திருக்க வேண்டும். எனக்கோ பிள்ளைகள் சிரிக்க வேண்டும். “உன் முட்டிக்குக் கோடு போட்டா தவளைகூட லீவு கேக்கும்டி” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானே ரசித்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் நம் பக்கம் தூறல்தான். மேலே நல்ல மழை பெய்திருக்கிறது. ஏழு பேரும் அக்கரைக்கு வந்தபோது தண்ணீர் கோட்டுக்கு நாலு விரல் கீழே. அப்போது நான் எங்கே இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டேங்க் ஏணியில், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருகைப்பதிவு ஏற்றிக்கொண்டிருந்தேன். சிக்னல் கிடைக்கிற ஒரு நிமிடத்தில் போட்டால்தான் உண்டு என்று, வராத பிள்ளைகளுக்கும் வந்துவிடுவார்கள் என்ற தைரியத்தில் முன்கூட்டியே போட்டுவிடுவது என் வழக்கம். போனில் எழில்மதி ஆஜர். அதே நிமிடம் ஓடையில் அவள் போய்க்கொண்டிருந்தாள்.

காலை உணவு சமைக்கும் ஆயம்மாள்தான், உப்புமா ஆறுகிறதே, இந்தக் கழுதைகளைக் காணோமே என்று திட்டுவதற்காகக் கரண்டியும் கையுமாக ஓடைக்குப் போயிருக்கிறார். துறைக்குக் கீழே, நாணல் புதரை ஒட்டி ஒரு பள்ளிக்கூடப் பை மிதந்து வருவதைப் பார்த்துக் கரண்டியை எறிந்துவிட்டுக் குதித்தார். பையின் வாரைப் பிடித்து இழுத்த பிறகுதான் அதில் பிள்ளை இருப்பது தெரிந்ததாம். அவர் கத்தியது டேங்க் வரைக்கும் கேட்டது. நான் ஓடிப் போனபோது எழில்மதி மணலில் குப்புறக் கிடந்து தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தாள். இடது மணிக்கட்டு திரும்பியிருந்தது. வெள்ளிமலைக்குத் தூக்கிக்கொண்டு போய், அங்கிருந்து ஆம்புலன்சில் கள்ளக்குறிச்சி. ஒற்றை எலும்பு முறிவுதான், ஆறு வாரத்தில் கூடிவிடும் என்று டாக்டர் சொன்னார். வண்டியில் போகும்போது உங்கள் மகள் அழவில்லை. நான் அழுததை ஆயம்மாள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அது உங்கள் காதுக்கும் வந்திருக்கும்.

மறுநாள் விசாரிக்க மேலதிகாரி வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்து, என் மேசையிலேயே எழுதினார். “பள்ளியின் சார்பில் வரையப்பட்ட எச்சரிக்கைக் கோட்டை மீறி மாணவி தன்னிச்சையாக ஓடையில் இறங்கியதால்” என்று ஒரு வரி. அவர் கெட்டவர் இல்லை. என் வேலைக்குப் பங்கம் வராமல் இருக்கத்தான் அதை எழுதினார். “கோடு போட்டிருக்கீங்க, அதான் உங்களக் காப்பாத்துச்சி” என்று தோளில் தட்டினார். தண்ணீருக்கு மேலே நாலு விரல் உயரத்தில் அந்தச் சிவப்புக் கோடு பளிச்சென்று தெரிந்ததை முந்தின நாள் என் கண்ணால் பார்த்தவன் நான். அவள் எதையும் மீறவில்லை. தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து வழக்கமாகக் கோழி கிளறின மாதிரி இருக்கும். அன்றைக்குப் பார்த்து அவ்வளவு அழகாக வந்தது.

மை காய்வதற்குள் செய்தி மலை முழுக்கப் போய்விட்டது. அன்று சாயங்காலம் கோட்டுக்காட்டில் சிக்னல் வந்த நேரம் பார்த்துப் பெரியம்மாள் அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டார். பூமாலை, நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? “கோட்ட தாண்டாதன்னு வாத்தியாரு சொன்னா தாண்டுவியா? எதுத்துப் பேசிப் பேசி ஒனக்குத் திமிரு ஜாஸ்தியாயிடுச்சி. இனிமே வாயத் தொறந்த, அவ்ளோதான்.” பிள்ளையைத் தூரத்தில் விட்டிருக்கிற அப்பனின் பயம் அப்படித்தான் பேசும். உங்களை நான் குறை சொல்லவில்லை, நான் கொடுத்த பொய்யைத்தான் நீங்கள் நம்பினீர்கள். ஆனால் அப்போது நான் எங்கே இருந்தேன் தெரியுமா? உங்கள் வீட்டில், அவள் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்காக வாங்கிப்போன ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பேசி முடிக்கும்வரை அவள் என்னையே பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள். உரித்த பழத்தை நானே தின்றுவிட்டு எழுந்து வந்தேன்.

வெள்ளிக்கிழமை, அவள் இல்லாத வகுப்பில், அன்றைக்கு என்னதான் நடந்தது என்று பிள்ளைகளைக் கேட்டேன். எல்லோரும் குனிந்துகொண்டார்கள். இரண்டாம் வகுப்பு ஷாலினிக்கு மட்டும் எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. “அது எறங்க மாட்டேன்னுதான் சார் நின்னுச்சி. எல போட்டுப் பாத்துச்சி. வேகமாப் போவுது, வூட்டுக்குப் போலாம்னு சொல்லிச்சி. நாங்கதான், கோடு தெரியுதுல்ல, தவள லீவு கேக்குது தவள லீவு கேக்குதுன்னு பாடிக்கினே இருந்தோம். அப்புறம் அது மூஞ்ச ஒரு மாரி வெச்சிக்கினு மொதல்ல எறங்கிடுச்சி சார்” என்றாள்.

தங்கச்சி, இதைப் படிக்கும்போது கொஞ்சம் நிறுத்தித் தண்ணீர் குடித்துக்கொள்.

உங்கள் மகள் இலையைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். வகுப்பில் தான் சொன்னதை ஓடையில் செய்தும் காட்டியிருக்கிறாள். என் பாடத்தை ஒழுங்காகப் படித்த ஒரே பிள்ளையை என் தமாஷ் தண்ணீரில் தள்ளிவிட்டது. ஏழு பேரில் அவள் முதலில் இறங்கியதால்தான் மற்ற ஆறு பேரும் கரையிலேயே நின்றார்கள். ஷாலினிக்கு ஏழு வயது. அவள் முதலில் இறங்கியிருந்தால், வந்த பையில் பிள்ளை இருந்திருக்காது. இந்தக் கணக்கை நான் தினமும் போட்டுப் பார்க்கிறேன்.

சனிக்கிழமை உட்கார்ந்து மேலதிகாரிக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். மாணவி எந்தக் கோட்டையும் மீறவில்லை, கோட்டைத் தவறாகப் போட்டவன் நான், தவறு என்று அவள் சொன்னபோது கேலி செய்தவனும் நான், முன்பு போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று. நிர்மலா டீச்சர் படித்துவிட்டு, “உங்களுக்கு வேல வேணாமா சார்?” என்றார். வேணும் டீச்சர், வெளியே போனால் இந்த உடம்பை யார் வேலைக்கு எடுப்பார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பிழை இரண்டு இருந்தது, திருத்திக் கொடுத்தார். திங்கட்கிழமை நேரில் போய்க் கொடுத்துவிட்டேன். மெமோ வரும். சமவெளிப் பக்கம் எங்காவது தூக்கியடிப்பார்கள். களமருதூரில் இருக்கும் என் வீட்டுக்காரிக்கு அதில் சந்தோஷம்தான், பதினொரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த மாறுதல்.

கோட்டை ஆசிட் ஊற்றித் தேய்த்து அழித்தாயிற்று. இனிமேல் தண்ணீர் கலங்கினாலே யாரும் இறங்குவதில்லை. அப்படிப்பட்ட நாளில் நான் ரோட்டுப் பாலம் சுற்றி ஒன்பது கிலோமீட்டர் வண்டியில் வந்து, கோட்டுக்காட்டுச் சமுதாயக் கூடத்தில் ஏழு பேருக்கும் அங்கேயே வகுப்பு எடுக்கிறேன். நேற்று அப்படித்தான் நடந்தது. வண்டி என்னைத் தாங்குகிறதா என்று பார்க்க ஊரே கூடியது. தெளிந்த நாட்களில் ஆயம்மாள் துறையில் நிற்பார். கரண்டியோடுதான் நிற்கிறார், பிள்ளைகள் தண்ணீரைவிட அதற்குத்தான் பயப்படுகிறார்கள்.

இதெல்லாம் பள்ளிக்கூடம் செய்ய வேண்டியவை, செய்துவிட்டோம். என்னால் செய்ய முடியாத ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன்.

திங்கட்கிழமையிலிருந்து எழில்மதி கட்டோடு வகுப்புக்கு வருகிறாள். வந்து உட்கார்கிறாள், ஒற்றைக் கையால் எழுதுகிறாள். அன்றைக்கே எல்லாப் பிள்ளைகளும் கேட்க, “எழில்மதி, நீ சொன்னதுதான் சரி, நான் போட்ட கோடு தப்பு” என்றேன். “சரிங்க சார்” என்றாள். நேற்று சமுதாயக் கூடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றே ஏழும் ஐந்தும் பதினொன்று என்று பலகையில் எழுதினேன். ஒன்றாம் வகுப்பே கூச்சல் போட்டது. அவளைப் பார்த்து, சரிதானே என்றேன். “சரிங்க சார்” என்றாள். நோட்டிலும் பதினொன்று என்றே எழுதி வைத்திருந்தாள். இன்று காலை சூரியன் மேற்கே உதிக்கிறது என்றேன். அதற்கும் அதே பதில். பள்ளிக்கூடத்தில் மரியாதையான பிள்ளை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானே ஒரு காலத்தில் நினைத்தவன். இன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் சோறு இறங்கவில்லை என்றால் நிலைமை எப்படி என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்னால் இனி அவள் நம்ப மாட்டாள். ஆரஞ்சு உரித்தவன் சொல் அது. அவளை அடக்கியது உங்கள் குரல், பூமாலை. அந்த அடக்கத்தை எடுத்துவிடவும் உங்கள் குரலால்தான் முடியும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். வந்த உடனே கிளம்பிவிடாதீர்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, பாடம் நடக்கும்போது, நீங்கள் இருவரும் வகுப்புக்குள் வாருங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம், சார் என்று கூப்பிட வேண்டாம். இருபத்திரண்டு பிள்ளைகளும் பார்க்க என்னைத் திட்டுங்கள். “எம் பொண்ணு சரியாத்தான் சொன்னா, நீ தப்பு பண்ணிட்டு அவ மேல பழி போட்டியா” என்று கேளுங்கள். மெதுவாகக் கேட்காதீர்கள், தண்ணீர் டேங்க் வரைக்கும் கேட்கவேண்டும். நான் வழக்கம்போல நடுவில் ஏதாவது தமாஷ் பேசித் தப்பிக்கப் பார்ப்பேன். விடாதீர்கள். சின்னப்பொண்ணு, நீயும் உன் பங்குக்குப் பேசு. ஆனால் பேசும்போது என்னைப் பார்க்க வேண்டாம், அவளைப் பார்த்துப் பேசுங்கள்.

அதற்கப்புறமும் அவளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வேண்டும் என்று தோன்றினால், டி.சி.யை நானே எழுதித் தருகிறேன். அவள் பையை நானே வெள்ளிமலை பஸ் வரைக்கும் தூக்கி வருகிறேன். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லை என்பதையும், சின்னவனைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான் அவளுக்கு இருக்கும் என்பதையும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் எங்கே போனாலும், இந்த ‘சரிங்க சார்’ மட்டும் அவளோடு வரக் கூடாது.

திங்கட்கிழமை நீங்கள் திட்டி முடித்த பிறகு, அவள் எழுந்து நின்று, “அது அப்படி இல்லீங்க சார்” என்று என் முகத்துக்கு நேரே ஒரு தடவை சொல்லிவிட வேண்டும் என்று, உங்கள் குலசாமியையும் என் குலசாமியையும் ஒருசேரக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்,

வீரமணி